நீண்ட ஜிபிஎஸ் ஆன்டெனா கேபிளில் ஆம்ப்ளிஃபையரை எங்கே போடுவது?

கேள்வி இதுதான். மொட்டை மாடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா, கீழே சர்வர் அறையில் நேரம் கொடுக்கும் ரிசீவர். நடுவில் 40 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். ஆன்டெனாவுக்குள்ளேயே 28 டெசிபல் ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது (டெசிபல் என்பது பெருக்கத்தையும் இழப்பையும் அளக்கும் அலகு; 10 கூடினால் திறன் பத்து மடங்கு). ரிசீவரை மாடிக்கே தூக்கிப்போய்ச் சின்ன ஒயரில் மாட்டினால் பத்துப் பன்னிரண்டு செயற்கைக்கோள்கள் தெரிகின்றன. கீழே கொண்டு வந்தால் மூன்று, நான்கு. அவையும் வந்து வந்து போகின்றன. கேபிளின் இடையில் கோக்கும் 20 டெசிபல் இன்லைன் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி ரிசீவரின் பின்பக்கம் மாட்டிவிட்டால் சரியாகிவிடுமா?

கொஞ்சம் சரியாகலாம். முழுசாக ஆகாது. அதே ஆம்ப்ளிஃபையரைக் கேபிளின் நடுவில் போட்டால் ஏறக்குறைய முழுசாகவே ஆகிவிடும். அதை வாங்காமல் கேபிளை மட்டும் மாற்றினாலும் அதே பலன் கிடைக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை. ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் மற்ற முடிவுகளை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான படத்தை மனதிலிருந்து அழிக்க வேண்டும். கேபிளைத் தண்ணீர்க் குழாய் மாதிரியும், ஆம்ப்ளிஃபையரை அழுத்தம் குறைந்த இடத்தில் போடும் மோட்டார் மாதிரியும் எல்லாரும் நினைக்கிறோம். ஜிபிஎஸ்ஸில் பிரச்சினை சிக்னலின் பலம் அல்ல. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்தான் எல்லாமே. ஆம்ப்ளிஃபையருக்கு எது சிக்னல், எது இரைச்சல் என்று தெரியாது. வருவதை எல்லாம் சேர்த்துப் பெருக்கி, தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சலைக் கலந்து அனுப்பும். ஒருமுறை கெட்டுப்போன விகிதத்தை எந்த ஆம்ப்ளிஃபையராலும் திருப்பித் தர முடியாது. கெடுவதற்கு முன்னால் போட்டால் காப்பாற்றும். அவ்வளவுதான் அதன் வேலை.

எவ்வளவு சின்ன சிக்னலைப் பற்றிப் பேசுகிறோம் என்று பாருங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை அனுப்பும் முக்கிய அலைவரிசையான எல்1, 1575.42 மெகாஹெர்ட்ஸ். தரைக்கு வந்து சேரும்போது அதன் திறன் ஏறக்குறைய மைனஸ் 130 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). அதாவது ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. சாதாரண அறை வெப்பத்தில் எந்தப் பொருளும் தானாகவே உண்டாக்கும் இரைச்சல் ஒரு ஹெர்ட்ஸுக்கு மைனஸ் 174 டிபிஎம். ஜிபிஎஸ்ஸின் பொதுக் குறியீடு பரவியிருக்கும் 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அதைக் கூட்டினால் மைனஸ் 111 ஆகிறது. ஆக, சிக்னல் இரைச்சலுக்கு மேலே இல்லை; அதற்கு 19 டெசிபல் கீழே, கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்காகப் புதைந்து கிடக்கிறது. ரிசீவர் அந்தச் செயற்கைக்கோளின் குறியீட்டைத் தன்னிடமுள்ள நகலோடு பொருத்திப் பார்த்துத்தான் அதைத் தோண்டி எடுக்கிறது. இப்படிப் புதைந்து கிடப்பதன் மேல் இன்னும் இரண்டு கூடை மண்ணைக் கொட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் நீளமான கேபிள் செய்கிறது.

கேபிள் சிக்னலைக் குறைப்பது எல்லாருக்கும் தெரியும். அது இரைச்சலைக் குறைப்பதில்லை என்பதுதான் பலர் கவனிக்காதது. கேபிளும் அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு பொருள்தானே. ஆன்டெனாவிலிருந்து வரும் இரைச்சலை அது எந்த அளவுக்கு விழுங்குகிறதோ, அந்த அளவுக்குத் தன் சொந்த இரைச்சலை வெளியே விடும். ஒரு கட்டம் இந்த விகிதத்தை எத்தனை டெசிபல் கெடுக்கிறது என்பதை நாய்ஸ் ஃபிகர் என்பார்கள். எனவே 10 டெசிபல் இழப்புள்ள கேபிளுக்கு நாய்ஸ் ஃபிகரும் 10 டெசிபல்தான்.

இந்தச் சங்கிலியில் எந்த இடத்தில் எவ்வளவு கெடுகிறது என்று கணக்கிட, பெல் ஆய்வகத்தில் இருந்த ஹரால்ட் ஃப்ரிஸ் 1944இல் ஒரு சூத்திரம் கொடுத்தார். பேச்சில் சொன்னால் சுலபம்: முதலில் நிற்கும் கட்டத்தின் இரைச்சல் அப்படியே முழுசாகச் சேரும். அடுத்த கட்டத்தின் இரைச்சல், அதற்கு முன்னால் கிடைத்த மொத்தக் கெயினால், அதாவது பெருக்கத்தால், வகுபட்டுத்தான் சேரும். முன்னால் கெயின் நிறைய இருந்தால் பின்னால் வருபவர் என்ன சத்தம் போட்டாலும் காதில் விழாது. முன்னால் கெயின் தீர்ந்துபோயிருந்தால் பின்னால் வரும் ஒவ்வொருவரின் இரைச்சலும் பெரிதாகிவிடும்.

உங்கள் அமைப்பையே போட்டுப் பார்க்கலாம். ஆர்ஜி-58 கேபிள் 1575 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 0.65 முதல் 0.85 டெசிபல் வரை தின்னும், தயாரிப்பாளரைப் பொறுத்தது. நடுவே 0.75 என்று வைத்தால் 40 மீட்டருக்கு 30 டெசிபல். ஆன்டெனாவின் கெயின் 28, அதன் நாய்ஸ் ஃபிகர் 1.5 என்று வைப்போம். ரிசீவர் விஷயத்தில் இரண்டு சாத்தியம் உண்டு. தன் முகப்பிலேயே ஒரு நல்ல முன்பெருக்கி வைத்திருந்தால் அதன் நாய்ஸ் ஃபிகர் 3 டெசிபல் அளவில் இருக்கும். ஆன்டெனாவில்தான் எப்படியும் ஆம்ப்ளிஃபையர் இருக்குமே என்று நம்பிச் செய்த ரிசீவர் என்றால் 8 என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆம்ப்ளிஃபையரே போடாத இன்றைய நிலையில், 3 டெசிபல் ரிசீவரோடு மொத்த நாய்ஸ் ஃபிகர் 6.6 டெசிபல் வருகிறது. 8 டெசிபல் ரிசீவரோடு 10.6. மாடியில் சின்ன ஒயரில் பார்த்தபோது இது சுமார் 1.5 தான். அதாவது விகிதத்தில் 5 முதல் 9 டெசிபல் வரை போய்விட்டது. உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடவே போயிருக்கும். நாய்ஸ் ஃபிகர் கணக்கு, ஆன்டெனா அறை வெப்பத்தைப் பார்ப்பதாக வைத்துப் போடுவது. ஆன்டெனா பார்ப்பதோ வானத்தை. அது இந்த அலைவரிசையில் அறையைவிடக் குளிர்ந்த இடம்.

இப்போது நாய்ஸ் ஃபிகர் 3, கெயின் 20 உள்ள இன்லைன் ஆம்ப்ளிஃபையரை மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்போம். கேபிளின் கடைசியில், ரிசீவருக்குப் பக்கத்தில்: மொத்தம் 6.6 முதல் 6.7. நடுவில், 15 டெசிபல் இழந்த இடத்தில்: 3 டெசிபல் ரிசீவரோடு 1.9, மட்டமான ரிசீவரோடு 2.1. ஆன்டெனாவை ஒட்டி மாடியிலேயே: 1.6, 1.8.

இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பாருங்கள். ரிசீவர் நல்லதாக இருந்தால், கடைசியில் போட்ட ஆம்ப்ளிஃபையரால் எந்தப் பயனும் இல்லை, 6.6 அப்படியே 6.6. ரிசீவர் மட்டமாக இருந்தால் 10.6 என்பது 6.7 ஆகக் குறைகிறது, நான்கு டெசிபல் லாபம். “ரிசீவர் பக்கத்தில்தான் போட்டேன், நன்றாக வேலை செய்ததே” என்று சிலர் சொல்வது பொய்யல்ல. ஆனால் அவர்கள் சரிசெய்தது ரிசீவரின் குறையை மட்டும்தான். கேபிள் கொட்டிய மண் அப்படியே இருக்கிறது. நடுவுக்குக் கொண்டுபோனால்தான் அது போகும். நடுவுக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே வித்தியாசம் வெறும் 0.3 டெசிபல். அந்த 0.3க்காக மழையிலும் வெயிலிலும் மாடியில் இன்னொரு பெட்டியைத் தொங்கவிடுவது வீண் என்பது என் கருத்து. கேபிள் கட்டிடத்துக்குள் நுழைந்தபின், கூரைக்குக் கீழே ஏணி இல்லாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

சரி, ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா என்பதே அடுத்த கேள்வி. எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல், கேபிளை மாற்றினாலே தீர்ந்துவிடுகிற ரகம். ஆர்ஜி-174 என்ற பென்சில் லெட் மாதிரியான ஒயர் மீட்டருக்கு ஒரு டெசிபலுக்கு மேல் தின்னும். ஆன்டெனாவோடு வரும் மூன்று ஐந்து மீட்டருக்கு மட்டும் அது சரி. எல்எம்ஆர்-240 மீட்டருக்குச் சுமார் 0.33. எல்எம்ஆர்-400 என்றால் 0.17. விரல் மொத்தமுள்ள எல்எம்ஆர்-600 வெறும் 0.11. உங்கள் 40 மீட்டருக்கு எல்எம்ஆர்-400 போட்டால் இழப்பு 7 டெசிபல். ஆம்ப்ளிஃபையரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். குழாய் குறுகலாக இருக்கிறது, பத்து மில்லிமீட்டர் கேபிள் நுழையாது என்றால் எல்எம்ஆர்-240 இருக்கிறது. ஆர்ஜி-58இன் விட்டம் 5 மில்லிமீட்டர், இது 6.1. இழப்பு 13 டெசிபலாகக் குறையும். மட்டமான ரிசீவரோடு கணக்குப் போட்டால் மொத்த நாய்ஸ் ஃபிகர் 2.1. மேலே நடுவில் ஆம்ப்ளிஃபையர் போட்டபோது வந்த அதே எண்! ஆனால் இதில் மின்சாரம் தின்னும், பழுதாகும் பெட்டி எதுவும் இல்லை.

தொலைக்காட்சிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளைப் போடலாமா என்று தயங்கிக்கொண்டே கேட்பார்கள். தாராளமாகப் போடலாம். அது 75 ஓம், ஜிபிஎஸ் எல்லாம் 50 ஓம் என்பதுதான் பயம். அந்தப் பொருத்தமின்மையால் ஒரு இணைப்பில் எதிரொலித்துத் திரும்புவது 4 சதவீதம், டெசிபலில் 0.18. கேபிளின் இழப்போ மீட்டருக்கு சுமார் 0.28, ஆர்ஜி-58இல் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கூட்டிக் கழித்தால் லாபம்தான். துல்லிய நேர ஆய்வகங்களில் இதைச் செய்ய மாட்டார்கள். எதிரொலிகள் வெப்பத்துக்கேற்ப நகர்ந்து நானோவினாடிகளில் ஆட்டம் காட்டும். ஒரு சர்வருக்கு நேரம் கொடுக்க அதெல்லாம் பொருட்டில்லை.

கேபிளைத் தொடவே முடியாது, சுவருக்குள் பூசிவிட்டார்கள் என்றால் ஆன்டெனாவை மாற்றிப் பாருங்கள். 40 டெசிபல் கெயின் உள்ள ஆன்டெனாக்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதே ஆர்ஜி-58, அதே மட்டமான ரிசீவர், மொத்தம் 3.1 ஆகிவிடுகிறது. கெயினை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பதே சிறந்தது என்பதற்கு இதுவே உதாரணம். இன்லைன் ஆம்ப்ளிஃபையர் என் பட்டியலில் மூன்றாவதாகத்தான் வரும்.

அப்படியானால் கெயினைக் கொட்டிக் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். அங்கேதான் எதிர்ப்பக்கத்து ஆபத்து. ரிசீவரின் விவரத்தாளில் எவ்வளவு கெயின் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். ஆன்டெனா, இன்லைன் ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் கூட்டி, கேபிள், பிரிப்பான், கனெக்டர் இழப்புகளைக் கழித்து மிஞ்சுவதைத்தான் அதோடு ஒப்பிட வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 15 முதல் 35 டெசிபல் வரை மிஞ்சினால் நிம்மதி. அதற்கு மேல் போனால் ரிசீவர் உடனே மண்டையைப் போடாது. பக்கத்து மொபைல் கோபுரத்தின் அலைகளும் சேர்ந்து பெருகி உள்ளே போய் முகப்பைத் திணறடிக்கும். காரணமே தெரியாமல் மாலையில் மட்டும் செயற்கைக்கோள்கள் குறைகின்றன என்பது போன்ற புகார்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இன்னொன்று ஊளையிடுவது. மைக்கை ஸ்பீக்கருக்கு முன் கொண்டுபோனால் கூவுமே, அதே கதை. ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு தளர்ந்த கனெக்டர் வழியாகக் கொஞ்சம் கசிந்து ஆன்டெனாவுக்குள்ளேயே திரும்பினால், கெயின் அந்தக் கசிவின் இழப்பைத் தாண்டும் இடத்தில் முழு அமைப்பும் ஒரு டிரான்ஸ்மிட்டராக மாறிவிடும். உங்கள் ரிசீவர் மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்தில் எல்லாருடைய ஜிபிஎஸ்ஸும் போகும். கலிஃபோர்னியாவில் மாஸ் லாண்டிங் துறைமுகத்தில் 2001இல் படகுகளின் ஜிபிஎஸ் வேலை செய்யாமல் போனது. தேடித் தேடிக் கடைசியில் அகப்பட்டவை, அங்கே நின்ற படகுகளில் இருந்த தொலைக்காட்சி ஆன்டெனாக்களின் முன்பெருக்கிகள். அவைதான் ஊளையிட்டுக்கொண்டிருந்தன. ஆன்டெனாவையும் 30 டெசிபல் ஆம்ப்ளிஃபையரையும் அரை மீட்டர் ஒயரில் கோத்து மாடியில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இடையில் கொஞ்சம் கேபிள் இழப்பு இருப்பது நல்லதுதான்.

கெயின் கூடிப்போனால் அட்டெனுவேட்டர் போட்டுக் குறைக்கலாம். ஆனால் இங்கே ஒரு பொறி. சாதாரண அட்டெனுவேட்டருக்குள் இருப்பவை ரெசிஸ்டர்கள். 10 டெசிபல் ஒன்றைப் பிரித்தால் நடுக்கம்பியிலிருந்து எர்த்துக்கு 96 ஓம் ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம், இடையில் 71 ஓம். இந்தக் கேபிள் வழியாகத்தான் ஆன்டெனாவுக்கு 5 வோல்ட்டும் போகிறது. அந்த 5 வோல்ட் இந்த ரெசிஸ்டர்களில் மட்டுமே 80 மில்லிஆம்பியருக்கு மேல் வீணாக்கும். ரிசீவர் ஷார்ட் என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்தும், அல்லது மிச்ச வோல்ட்டேஜ் ஆன்டெனாவுக்குப் போதாது. டிசி கடத்தும் அட்டெனுவேட்டர் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். இந்த ஆம்ப்ளிஃபையர் ஏன் நின்றது என்று தேடிப் போன இடங்களில் பெரும்பாலும் குற்றவாளி ரேடியோ பக்கம் இல்லை, டிசி பக்கம்தான். இன்லைன் ஆம்ப்ளிஃபையர் ரிசீவர் அனுப்பும் மின்னோட்டத்தில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆன்டெனாவுக்கு விடுகிறது. ஆன்டெனா 30 மில்லிஆம்பியர், ஆம்ப்ளிஃபையர் 30 என்றால் ரிசீவர் 60 கொடுக்க வேண்டும். சில ரிசீவர்களின் உச்ச வரம்பே 50 தான். அடுத்து வோல்ட்டேஜ் வீழ்ச்சி. ஆர்ஜி-58இல் 100 மீட்டருக்குப் போகவர 5 ஓம் அளவு, கவலை இல்லை. ஆர்ஜி-6 வாங்கும்போது நடுக்கம்பி முழுத் தாமிரமா, தாமிரம் பூசிய எஃகா என்று பாருங்கள். எல்1 அலைவரிசையில் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில் இரண்டு மைக்ரான் ஆழத்துக்குள்ளேயே ஓடிவிடுவதால் உள்ளே எஃகு இருப்பது சிக்னலுக்குத் தெரியவே தெரியாது. டிசிக்கு நன்றாகத் தெரியும்: 100 மீட்டருக்கு 12, 13 ஓம். 60 மில்லிஆம்பியர் ஓடினால் முக்கால் வோல்ட் போச்சு. ரிசீவர் 5 வோல்ட் கொடுத்தால் தப்பிக்கலாம். 3.3 கொடுப்பதாக இருந்தால் மேலே போய்ச் சேருவது 2.5 சொச்சம், பல ஆன்டெனாக்கள் அதில் எழுந்திருக்காது.

ஆன்டெனா துண்டிக்கப்பட்டதா என்று ரிசீவர் கண்டுபிடிப்பதும் இந்த மின்னோட்டத்தை வைத்துத்தான். நடுவில் ஆம்ப்ளிஃபையர் வந்ததும் இந்தக் காவல் குருடாகிவிடும். மாடியில் குரங்கோ காற்றோ ஆன்டெனாவைப் பிடுங்கிப் போட்டாலும் ஆம்ப்ளிஃபையர் தன் 30 மில்லிஆம்பியரைத் தின்றுகொண்டே இருக்கும். ரிசீவர் “ஆன்டெனா ஓகே” என்று பச்சை விளக்கு காட்டும். அலாரத்தை நம்பி நடக்கும் இடமாக இருந்தால் செயற்கைக்கோள் எண்ணிக்கைக்கும் ஒரு எச்சரிக்கை வரம்பு வைத்துவிடுங்கள்.

டிஷ் ஆன்டெனாவுக்குப் போடும் இன்லைன் ஆம்ப்ளிஃபையர் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யுமே, ஜிபிஎஸ் அதற்குள்தானே வருகிறது என்று புத்திசாலித்தனமாகக் கேட்பவர்கள் உண்டு. அலைவரிசை வரைக்கும் சரி. அது எதிர்பார்ப்பது 13 முதல் 18 வோல்ட். அதை அப்படியே ஆன்டெனாப் பக்கமும் கடத்தும். 5 வோல்ட் ஆன்டெனாவுக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. 5 வோல்ட் மட்டும் கொடுத்தால் அந்த ஆம்ப்ளிஃபையர் விழிக்காது. அதோடு ஜிபிஎஸ்ஸுக்கென்று செய்தவற்றில் இருக்கும் வடிகட்டி இதில் இல்லை. 1200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருப்பதையெல்லாம் பெருக்கித் தள்ளும். கேபிளில் டிசியைத் தனியாகச் சேர்க்கும் பயாஸ் டீ எல்லாம் போட்டு இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குச் சரி, நம்பி விட்டுவிட்டுப் போகும் இடத்துக்கு வேண்டாம்.

வடிகட்டி என்றதும் நினைவுக்கு வருவது. சந்தையில் உள்ள பல இன்லைன் ஆம்ப்ளிஃபையர்கள் எல்1க்கு மட்டுமான வடிகட்டியோடு வருபவை. உங்கள் ரிசீவர் எல்2 என்ற 1227.60, எல்5 என்ற 1176.45 மெகாஹெர்ட்ஸ் சிக்னல்களையும் பார்ப்பதாக இருந்தால், இந்த ஆம்ப்ளிஃபையர் அவற்றைச் சத்தமில்லாமல் கழுத்தை நெரித்துவிடும். குறுகலான வடிகட்டி 1602 மெகாஹெர்ட்ஸை ஒட்டியுள்ள ரஷ்யாவின் குளோனாஸையும் வெட்டும். எண்ணிக்கை திடீரென்று பாதியானால் முதலில் எந்த நாட்டுக் கோள்கள் காணாமல் போயின என்று பாருங்கள். இரட்டை அலைவரிசைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: கேபிள் இழப்பு அலைவரிசையின் வர்க்கமூலத்தை ஒட்டிக் கூடுவதால், எல்1இல் 40 டெசிபல் தின்னும் கேபிள் எல்5இல் 35 தான் தின்னும். கணக்கை எப்போதும் எல்1க்குப் போடுங்கள். மேல் வரம்பை எல்5க்குச் சரிபாருங்கள்.

பொருத்தும் முறையில் நீட்ட ஒன்றுமில்லை. பெட்டியில் ஆன்டெனாப் பக்கம், ரிசீவர் பக்கம் என்று குறி இருக்கும். மாற்றி மாட்டினால் சிக்னல் செத்துவிடும். இதைச் சொல்ல வேண்டுமா என்றால், ஒருமுறை இரண்டு நாள் கேபிளையும் ஆன்டெனாவையும் சந்தேகித்துவிட்டு மூன்றாம் நாள் நானே தலைகீழாக மாட்டியிருந்ததைக் கண்டுபிடித்தவன் நான். ஏணி மேல் நின்று, கேபிளின் எந்த முனை எங்கே போகிறது என்று பார்க்காமல் திருகியதன் பலன். மாட்டும் முன் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். மின்னல் தடுப்பான் கட்டிட நுழைவில், எர்த் கம்பிக்கு அருகில். ஆம்ப்ளிஃபையர் அதற்கு உள்பக்கம். தடுப்பானும் டிசி கடத்தும் ரகமாக இருக்க வேண்டும். வெளியே இருக்கும் ஒவ்வொரு கனெக்டருக்கும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் சுற்றி, கேபிளைக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு உள்ளே எடுங்கள். பின்னலுக்குள் தண்ணீர் ஏறிய கேபிள் மேலே சொன்ன எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது. மல்டிமீட்டரில் நன்றாக இருப்பதாகவே காட்டும், எல்1இல் பாதியை விழுங்கும்.

நேரத்துக்காகப் பயன்படுத்துவதால் தாமதத்தையும் திருத்த வேண்டும். ஆர்ஜி-58இல் ஒரு மீட்டரைக் கடக்க 5 நானோவினாடி, நுரை காப்பு உள்ள எல்எம்ஆர்-400இல் 3.9. உங்கள் 40 மீட்டருக்கு 200 நானோவினாடி. இன்லைன் ஆம்ப்ளிஃபையரின் வடிகட்டி தன் பங்குக்குச் சில பத்து நானோவினாடிகள் வரை சேர்க்கலாம். விவரத்தாளில் குரூப் டிலே என்று தேடுங்கள். நெட்வொர்க் வழியே நேரம் அனுப்பும் என்டிபி மூலம் கணினிகளுக்கு நேரம் கொடுக்க மட்டும் என்றால் இதை மறந்துவிடலாம், அங்கே பேச்சே மைக்ரோவினாடி, மில்லிவினாடியில்தான்.

தூரம் உண்மையிலேயே அதிகம், 200, 300 மீட்டர் என்றால்? எல்எம்ஆர்-400இல் 200 மீட்டருக்கு 34 டெசிபல். நல்ல ஆன்டெனாவும் நடுவில் ஒரு ஆம்ப்ளிஃபையரும் போதும். அதற்கு மேல் ஆம்ப்ளிஃபையர்களை மணிமாலை மாதிரி கோப்பது எனக்குப் பிடிக்காது. ஒவ்வொன்றும் பழுதாக ஒரு வாய்ப்பு. ஜெர்மனியின் மைன்பெர்க் நிறுவனம் வேறு வழியில் போகிறது: ஆன்டெனாவிலேயே சிக்னலை 35.4 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி அனுப்புகிறார்கள். அந்த அலைவரிசையில் கேபிள் இழப்பு மிகக் குறைவு. நீங்கள் திட்டுகிற அதே ஆர்ஜி-58இலேயே 300 மீட்டர் போகலாம் என்கிறார்கள். ஆனால் ரிசீவரும் அவர்களுடையதாக இருக்க வேண்டும். ஃபைபர் வழியாக எல்1ஐ அப்படியே அனுப்பும் கருவிகளும் உண்டு. மின்னலும் கேபிள் வழியே உள்ளே வராது. எனக்கு மிகவும் பிடித்தது, ரிசீவரையே ஆன்டெனாவோடு மேலே வைத்துவிட்டு, இருப்பிடத் தகவலையும் நொடித்துடிப்பையும் நீண்ட ஒயரில் தகவல் அனுப்பும் ஆர்எஸ்-422 முறை மூலம் சாதாரண நெட்வொர்க் கேபிளில் இறக்குவது. 1200 மீட்டர் வரை அந்த முறைக்கு அலுப்பே கிடையாது.

என்ன செய்தாலும் முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். எத்தனை கோள் தெரிகிறது என்பது மட்டமான அளவுகோல். நேரத்துக்கு நேரம் மாறும். ஒவ்வொரு கோளுக்கும் ரிசீவர் கேரியருக்கும் இரைச்சலுக்குமான விகிதத்தை டிபி-ஹெர்ட்ஸில் கொடுக்கிறது. ரிசீவர் எழுத்தாக அனுப்பும் என்எம்இஏ வரிகளில் ஜிஎஸ்வி என்ற வகையில் ஒவ்வொரு கோளின் கடைசி எண் அதுதான். தலைக்கு மேலே உள்ள கோள்களுக்கு 45 முதல் 50 வந்தால் அமைப்பு ஆரோக்கியமாக இருக்கிறது. எல்லாமே 35ஐ ஒட்டிக் கிடந்தால் இல்லை.

ஒப்பிடும்போது இன்று மாலை நாலு மணிக்கு எடுத்ததை நாளைக் காலை பத்து மணியோடு ஒப்பிட்டால் அர்த்தமில்லை, வானமே வேறு. ஜிபிஎஸ் கோள்கள் ஒரு சுற்றை 11 மணி 58 நிமிடத்தில் முடிக்கின்றன. அதனால் இன்றைய வானம் நாளைக்கு நான்கு நிமிடம் முன்னதாக அப்படியே திரும்பும். இன்று 4 மணிக்கு 17ஆம் எண் கோளுக்கு 38 வந்ததா? ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டு நாளை 3 மணி 56 நிமிடத்துக்கு அதே 17ஐப் பாருங்கள். 43 வந்தால் பணம் வீண் போகவில்லை. 38 அப்படியே நின்றால் ஆம்ப்ளிஃபையரைத் தப்பான முனையில் போட்டிருக்கிறீர்கள். அதற்கும் கீழே போயிருந்தால் கெயின் கூடிவிட்டது, அல்லது என்னை மாதிரித் தலைகீழாக மாட்டிவிட்டீர்கள்.

உங்கள் ரிசீவரின் மாடல் எண்ணையும், அது ஆன்டெனாவுக்கு எத்தனை வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர் கொடுக்கிறது என்பதையும் எழுதினால் அந்த எண்களை வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டுத் தருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் குழாயில் 6.1 மில்லிமீட்டர் கேபிள் நுழையுமா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.